எரிகிறது, வெடித்தது என்னும் இரு சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பிதழில், விண்மீன்களையும் பேரண்டத்தின் தோற்றத்தையும் பற்றி வெளியான முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இராசிபலனுக்குத் தரும் இடத்தைவிடக் கூடுதலான இடத்தை ஒரு நாளிதழ் வானியலுக்குத் தந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதற்காக முதலில் நன்றி கூறிக்கொள்கிறேன். ஆயினும் முப்பதாண்டுகளுக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கட்டுரை முழுவதும் இரண்டு வினைச்சொற்களைத் தாங்கி நிற்கிறது. ஒன்று, விண்மீன்கள் ‘எரிகின்றன’ என்பது. மற்றொன்று, பேரண்டம் ‘வெடித்தது’ என்பது. பேச்சுவழக்கில் இரண்டையும் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கட்டுரையாளர் அச்சொற்களை வழக்காகக் கொள்ளாமல் விளக்கமாகவே கொண்டுவிட்டார். சூரியனில் உள்ள வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதாகவும், பேரண்டம் வெற்றிடத்தின் நடுவே ஒரு குண்டு போல வெடித்து, அதன் சிதறல்களே இன்று விண்மீன் திரள்களாகப் பறந்துகொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டி வைப்பார்கள் என்பதால், கடிதம் நீண்டாலும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் எரிதல். விறகு எரிகிறது என்றால், அதிலுள்ள கரியும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன என்று பொருள். அணுக்களின் வெளிப்புறத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றனவே தவிர, உள்ளே இருக்கும் அணுக்கருவுக்கு ஒன்றும் நேர்வதில்லை; எரிந்த பின்னும் கரி அணு கரி அணுவாகவே புகையில் போகிறது. சூரியன் முழுவதையும் நிலக்கரியாகவும் அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனாகவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இன்று அது தரும் வெளிச்சத்துக்குச் சில ஆயிரம் ஆண்டுகள்தாம் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்களுக்கே இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. அதனால்தான் கெல்வின் பிரபு, சூரியன் தன் எடையால் மெல்லச் சுருங்குவதிலிருந்து வெப்பத்தைப் பெறுகிறது என்று கருதினார். அப்படிக் கணக்கிட்டாலும் இரண்டு மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் கிடைக்கவில்லை. பாறைகளைப் படித்தவர்களும் உயிரினங்களின் படிமலர்ச்சியைப் பேசிய டார்வினும் கேட்ட காலமோ அதைவிட மிக நீண்டது. இன்று நமக்குத் தெரிந்த கணக்கின்படி சூரியனின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். எரிதல் என்ற விளக்கத்தைக் கொண்டு இதில் இலட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டிப்பிடிக்க முடியாது.

விடையின் திசையை 1920-ஆம் ஆண்டில் ஆங்கிலேய வானியலர் ஆர்தர் எடிங்டன் சுட்டிக்காட்டினார். நான்கு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்து ஒரு ஹீலியம் அணுவாக்கினால் எடை சிறிது குறைகிறது. அந்தக் குறைவு ஏறத்தாழ 0.7 விழுக்காடு. காணாமற்போன அந்த எடையே ஆற்றலாக வெளிப்படுகிறது. இதற்கு அணுக்கரு இணைவு என்று பெயர். இதில் ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை. சூரியனின் நடுப்பகுதியில், ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில், ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் ஏறத்தாழ 40 இலட்சம் டன் எடை ஆற்றலாகி வெளியேறுகிறது. இந்த வினையின் படிகளை 1930-களின் இறுதியில் ஹான்ஸ் பெத்தே முறையாக வகுத்துக் காட்டினார்.

இங்கே கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட, எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சூரியனின் மொத்த ஆற்றலை அதன் மொத்த எடையால் வகுத்துப் பார்த்தால், ஒரு கிலோ மனித உடல் வெளியிடும் வெப்பம், சராசரியாக ஒரு கிலோ சூரியன் வெளியிடும் வெப்பத்தைவிடச் சில ஆயிரம் மடங்கு அதிகம். வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு மாணவரும் நம்ப மாட்டார். கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகும் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். காரணம் எளியது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன; ஒன்றரைக் கோடி டிகிரியும் அந்தத் தள்ளுதலை வெல்லப் போதாது. குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் ஓர் அரிய குறுக்குவழியில், எப்போதோ ஒரு முறைதான் இணைவு நடக்கிறது. சூரியனின் நடுவில் உள்ள ஒரு குறிப்பிட்ட அணுக்கரு தன் முறைக்காகச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சூரியன் பிரகாசமாக இருப்பது அது கடுமையாக எரிவதால் அன்று. அது அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான். 2 என்ற எண்ணை அடுத்து முப்பது சுழியங்களைப் போட்டால் எத்தனை கிலோவோ, அதுவே அதன் எடை.

அப்படியானால் அது ஏன் ஹைட்ரஜன் குண்டு போல ஒரே நொடியில் வெடித்துவிடவில்லை என்று கேட்பவர்கள் சரியான கேள்வியையே கேட்கிறார்கள். விண்மீனின் எடை அதை உள்நோக்கி அழுத்துகிறது. வெப்பத்தால் எழும் அழுத்தம் வெளிநோக்கித் தள்ளுகிறது. நடுப்பகுதியில் இணைவு சற்று வேகமெடுத்தால் அப்பகுதி விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் இணைவின் வேகம் குறையும். சற்று மந்தமானால் இதற்கு எதிர்மாறாக நடக்கும். பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போலத் தனியாக ஒரு கருவி தேவைப்படாமல், விண்மீனின் சொந்த எடையே அந்த வேலையைச் செய்துகொள்கிறது. எரிவது என்ற சொல்லுக்குள் இந்தச் சமநிலைக்கு இடமே இல்லை என்பதால்தான் அச்சொல்லோடு எனக்கு வழக்கு.

சூரியனில் ஹைட்ரஜன் இருப்பது எப்படித் தெரியும் என்பதைக் கட்டுரை ஒரே வரியில், விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள் என்று முடித்துவிட்டது. அந்த ஒரு வரிக்குள் இந்தியாவோடு தொடர்புடைய இரண்டு நிகழ்வுகள் மறைந்துபோயின. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்குப் பிரெஞ்சு வானியலர் ஜான்சன் வந்திருந்தார். சூரிய விளிம்பில் எழும் பிழம்புகளின் ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்தபோது தனித்தனி ஒளிக்கோடுகள் தெரிந்தன. அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்து நோக்கிய லாக்கியர், அவற்றுள் ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை என்று கண்டார். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்று அழைக்கப்பட்ட அந்தத் தனிமம், 1895-இல்தான் பூமியிலே கைக்குக் கிடைத்தது. இரண்டாவது, 1920-இல் நம் நாட்டு இயற்பியலர் மேகநாத் சாகா வகுத்த அயனியாக்கச் சமன்பாடு. ஒரு விண்மீனின் நிறமாலையில், அதாவது பட்டகம் பிரித்துக் காட்டும் ஒளிப்பட்டையில், ஒரு தனிமத்தின் கோடு அழுத்தமாகத் தெரிவது அத்தனிமம் மிகுதியாக இருப்பதால் மட்டும் அன்று, அங்குள்ள வெப்பநிலையையும் பொறுத்தது என்று அது காட்டியது. அச்சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்ட செசிலியா பெய்ன் என்ற இளம் பெண், 1925-ஆம் ஆண்டு ஹார்வர்டில் எழுதிய ஆய்வேட்டில், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். விண்மீன்களும் பூமியைப் போன்ற பொருள்களாலேயே ஆனவை என்று நம்பிய காலம் அது. மூத்த வானியலர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் மறுத்ததால், தம் முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்று தம் ஆய்வேட்டிலேயே அவர் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. நான்காண்டுகளுக்குப் பிறகு ரஸ்ஸலே அதை ஏற்றுக்கொண்டார். முழுப்பக்கத்தில் ஒரு பத்தி அந்த அம்மையாருக்குக் கிடைத்திருக்கலாம்.

சிறு பிழைகள் இரண்டை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பாகத் தெரியும் விண்மீன்களே மிகவும் சூடானவை என்று கட்டுரை கூறுகிறது. கொல்லன் உலையில் இரும்பைப் பார்த்தவர்களுக்கு இது தலைகீழ் என்று தெரியும். இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகே வெண்மைக்குப் போகும். செம்மை படர்ந்த ரோகிணியின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,900 கெல்வின் (வெப்பநிலையின் ஓர் அலகு). நம் சூரியன் ஏறத்தாழ 5,800. நீலம் பாய்ந்த சித்திரை விண்மீனோ 20,000-க்கும் மேல். அடுத்தது, நாம் இரவில் பார்க்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை என்றோ இறந்துவிட்டன, அவற்றின் பழைய ஒளியை மட்டுமே காண்கிறோம் என்னும் வரி. கவிதைக்கு அழகாக இருக்கும், கணக்குக்கு உதவாது. வெறுங்கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் விண்மீன்கள் அநேகமாக எல்லாமே சில ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவுக்குள் இருப்பவை; ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவே ஓர் ஒளியாண்டு. மிகக் குறுகிய ஆயுள் கொண்ட பெரு விண்மீனும் சில பத்து இலட்சம் ஆண்டுகள் வாழும். அறுபது வயது மனிதர் ஒருவர் எழுதிய கடிதம் ஒரு வாரம் கழித்து நம் கைக்கு வந்தால், அவர் இறந்திருப்பார் என்று நாம் முடிவு கட்டுவதில்லை. என்றாவது வெடிக்கப்போகும் திருவாதிரையும்கூட, இந்த ஐந்நூறு அறுநூறு ஆண்டு இடைவெளிக்குள் வெடித்திருக்கும் என்று எண்ணக் காரணம் ஏதுமில்லை. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கியபோது பலரும் பரபரப்படைந்தார்கள். அது தானே உமிழ்ந்த தூசிதான் நம் பார்வையை மறைத்தது என்று பின்னர் தெரியவந்தது.

இனி, விண்மீனின் கதையையும் பேரண்டத்தின் கதையையும் இணைக்கும் இடத்துக்கு வருகிறேன். கட்டுரை இவ்விரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் அச்சிட்டிருந்தது. உண்மையில் அவை ஒரே நூலில் கோத்தவை, அந்த நூலின் ஒரு முனை சென்னையில் இருக்கிறது. சூரியனைப் போன்ற விண்மீன் தன் நடுப்பகுதி ஹைட்ரஜனைத் தீர்த்த பிறகு ஊதிப் பெருத்துச் செம்பூதமாகி, வெளியடுக்குகளை உதிர்த்துவிட்டு, பூமியளவே உள்ள வெண்குள்ளனாகச் சுருங்கும். அதில் இணைவு நின்றுவிட்டதால் வெப்ப அழுத்தம் அதைத் தாங்குவதில்லை. நெருக்கிப் பிடித்த எலக்ட்ரான்கள் இதற்குமேல் நெருங்க மறுப்பதே தாங்குகிறது. 1930-ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த பத்தொன்பது வயது சுப்ரமணியன் சந்திரசேகர், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில், அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது என்னவாகும் என்று கணக்கிட்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் எடையிருந்தால் எலக்ட்ரான்களின் மறுப்பு போதாது, வெண்குள்ளன் நிலைக்க முடியாது என்பதே விடை. 1935 ஜனவரியில் இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் இதை அவர் முன்வைத்தபோது, விண்மீன்களுக்கு அணுக்கரு இணைவைச் சுட்டிக்காட்டிய அதே எடிங்டன் எழுந்து, அனைவர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். சந்திரசேகர் பிறகு அமெரிக்கா சென்றார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். எடிங்டன் போன்ற ஒருவரே ஒரு சரியான கருத்தை அவ்வளவு பிடிவாதமாக மறுத்தார் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல நான் ஒருபோதும் தயங்கியதில்லை.

அந்த எல்லைக்கும் பேரண்டத்துக்கும் என்ன தொடர்பு? துணை விண்மீனிலிருந்து பொருளைப் பெற்றோ, இன்னொரு வெண்குள்ளனோடு மோதியோ, ஒரு வெண்குள்ளன் தன் தாங்குதிறனின் விளிம்புக்குத் தள்ளப்பட்டால், அதிலுள்ள கரி ஒரே மூச்சில் இணைவுக்குள்ளாகி முழு விண்மீனும் சிதறிவிடும். இது உண்மையான வெடிப்பு. இதற்கு அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே வகைப் பொருள் ஏறத்தாழ ஒரே நிலையில் வெடிப்பதால், இவற்றின் உச்சப் பிரகாசமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. சிறு வேறுபாடுகளையும், ஒளி எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். இருட்டில் தெரியும் விளக்கு நூறு வாட் பல்பு என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தொலைவைச் சொல்லிவிடலாம் அல்லவா? பேரண்டத்தின் தொலைதூரங்களை அளக்க நமக்குக் கிடைத்த நூறு வாட் பல்பு இந்த வெடிப்புதான்.

தொலைவை அளப்பதே இத்துறையின் தீராத தலைவலி. அதில் முதல் வெற்றி ஹென்ரியெட்டா லீவிட் என்ற பெண்மணிக்கு உரியது. செபீட் எனப்படும் மாறொளிர் விண்மீன்கள் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குகின்றனவோ, அதற்கேற்ப அவற்றின் உண்மைப் பிரகாசம் அமைகிறது என்று 1912-இல் அவர் காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைபர், வானில் மங்கலான மேகம் போலத் தெரியும் ஆண்ட்ரோமெடாவின் நிறமாலையைக் கொண்டு அதன் வேகத்தை முதன்முதலாக அளந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் அளந்த அத்தகைய மற்றவற்றுள் பெரும்பாலானவற்றின் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கமாக நகர்ந்திருந்தன, அதாவது அவை நம்மைவிட்டு விலகிக்கொண்டிருந்தன. 1923-இல் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செபீட் விண்மீனை அமெரிக்க வானியலர் எட்வின் ஹபிள் கண்டுபிடித்தபோதுதான், அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனித் திரள் என்பது உறுதியாயிற்று. 1927-இல் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமெய்த்தர், ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்து விரியும் பேரண்டத்தைத் தருவித்து, தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடும் என்று எழுதினார். அவ்வளவாக எவரும் படிக்காத ஓர் இதழில் பிரெஞ்சு மொழியில் அது வெளியானதால் கவனம் பெறவில்லை. 1929-இல் ஹபிள் அளந்து காட்டிய பிறகே உலகம் கேட்டது. 2018-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து, அவ்விதிக்கு ஹபிள்-லெமெய்த்தர் விதி என்ற பெயரைப் பரிந்துரைத்தது. கட்டுரையில் லெமெய்த்தரின் பெயரே இல்லை.

இந்த விதியைத்தான் வெடிப்பு என்ற சொல் குழப்பிவிடுகிறது. வெடிப்பு என்றால் நடுவில் ஓர் இடம் வேண்டும், சிதறல்கள் பறப்பதற்கு வெளியே வெற்றிடம் வேண்டும், சிதறலுக்கு ஒரு விளிம்பு வேண்டும். பேரண்ட விரிவில் இம்மூன்றும் இல்லை. வகுப்பில் இதைக் காட்ட, கால்சட்டை இடுப்பில் தைக்கும் எலாஸ்டிக் நாடாவைக் கொண்டுபோவேன். முதலாண்டில் அதில் மையால் புள்ளிகள் வைத்து இழுத்துக் காட்டினேன். முன் வரிசை மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, புள்ளிகளும் சேர்ந்து நீள்கின்றனவே, அப்படியானால் நாமும் நீள்கிறோமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு புள்ளிகளுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்களைச் சம இடைவெளியில் தைத்துக்கொண்டேன். நாடாவை இரு மடங்காக இழுத்தால், ஒரு விரற்கடை தள்ளியிருந்த பொத்தான் இரண்டு விரற்கடைக்குப் போகிறது. மூன்று விரற்கடையில் இருந்தது ஆறுக்குப் போகிறது. பொத்தான்கள் மட்டும் நீள்வதில்லை. எந்தப் பொத்தானில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவையெல்லாம் தன்னிடமிருந்து விலகுவதாகவும், தொலைவில் இருப்பது வேகமாக விலகுவதாகவும் தெரியும். எதுவும் நடுப் பொத்தான் அன்று. பொத்தான்கள் நாடாவின் மேல் ஓடவில்லை. அவற்றுக்கு இடையிலான நாடா நீள்கிறது. அந்த நாடாவுக்கு இரண்டு முனைகள் உண்டு, பேரண்டத்துக்கு அப்படி முனை எதுவும் காணப்படவில்லை என்பதே இந்த எடுத்துக்காட்டின் குறை. ஒளி அலையும் இந்த நீட்சிக்கு உட்பட்டதுதான். வழியில் அது இழுபட்டு அலைநீளம் கூடுவதே செந்நகர்ச்சி. தொலைதூரத் திரள்களைப் பொறுத்தவரை, விலகிச் செல்லும் இரயிலின் ஊதல் ஒலி தாழ்வதோடு மட்டும் இதை ஒப்பிட்டுவிட்டு நிறுத்துவது போதாது.

மாணவியின் கேள்விக்கு விடை, நாம் நீள்வதில்லை என்பதே. நம் உடலை மின்விசையும், சூரியக் குடும்பத்தையும் பால்வீதியையும் ஈர்ப்பு விசையும் கட்டிப்பிடித்திருக்கின்றன. அருகருகே உள்ள திரள்களுக்கிடையிலும் ஈர்ப்பே வெல்கிறது. ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஆண்ட்ரோமெடா, நம் திரளை நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாத் திரள்களும் நம்மைவிட்டு ஓடுகின்றன என்று கட்டுரை கூறியதை, நாம் வெறுங்கண்ணால் காணக்கூடிய அந்தப் பெரிய திரளே மறுக்கிறது.

வெடிப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதும் சுவையானது. 1949-இல் பிபிசி வானொலி உரை ஒன்றில், பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கொள்கையை ஏற்காத ஆங்கிலேய வானியலர் பிரெட் ஹாயில், அதை ‘பிக் பேங்’ என்று குறிப்பிட்டார். தான் ஏற்காத ஒன்றுக்கு அவர் வைத்த பெயரே நிலைத்து, தமிழில் பெருவெடிப்பு ஆயிற்று. இதே ஹாயில்தான், கரி முதல் இரும்பு வரையிலான தனிமங்கள் விண்மீன்களுக்குள் சமைக்கப்படுகின்றன என்பதை நிறுவியவர்களுள் தலையானவர். பாடநூல்களில் வேரூன்றிய பெருவெடிப்பு என்ற சொல்லை இனி மாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சொல்லைச் சொன்ன கையோடு, இது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கிய விரிவு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

எல்லா இடத்திலும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1964-65-இல் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவர், தங்கள் வானொலி அலைவாங்கியில் ஓயாத இரைச்சலைக் கேட்டார்கள். அதில் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூடச் சுரண்டிக் கழுவிப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. வானத்தின் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவில் அது வந்தது. பேரண்டம் ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதில் இருந்தபோது, சுமார் 3,000 டிகிரி வெப்பத்தில் இருந்த வாயுவிலிருந்து விடுபட்ட ஒளியே, ஏறத்தாழ 1,100 மடங்கு நீண்டு, 2.7 கெல்வினுக்குக் குளிர்ந்த நுண்ணலையாக இன்று எத்திசையிலிருந்தும் வருகிறது. ஓரிடத்தில் நடந்த வெடிப்பாக இருந்தால் அது அந்த ஒரு திசையிலிருந்துதான் வரவேண்டும்.

எண்களில் ஒரு திருத்தம். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பது சரி. அதன் அகலம் 1,380 கோடி ஒளியாண்டு என்பது தவறு. ஒளி நம்மை நோக்கி வரும் காலத்திலேயே வழி நீண்டுகொண்டிருந்ததால், நாம் காணக்கூடிய பகுதியின் விளிம்பு இன்று எல்லாத் திசையிலும் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதற்கு அப்பாலும் பேரண்டம் தொடர்கிறது. ஒளியாண்டு என்பது தொலைவின் அலகு. ‘பல ஒளியாண்டுகளுக்கு முன்பு’ என்று கட்டுரையின் முதல் வரியே தொடங்குவதை என் மாணவர்கள் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார்கள்.

அந்த 1,380 கோடியும் எளிதாகக் கிடைத்த எண் அன்று. ஹபிள் 1929-இல் பெற்ற விரிவு வேகம் இன்றைய மதிப்பைவிட ஏழு மடங்கு பெரிது. விரிவு வேகமானால் இன்றைய தொலைவுகளை எட்டக் குறைந்த காலமே போதும் என்பதால், அதன்படி பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகள், அதாவது பூமியின் பாறைகளைவிடக் குறைவு. தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம் என்ற இந்தச் சங்கடம் இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. செபீட் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் கலந்துவிட்டதால் தொலைவுகள் தவறாயின என்று 1952-இல் வானியலர் வால்டர் பாடே அறிவித்த பிறகே அது தீரத் தொடங்கியது. இன்றும் கணக்கு முற்றாகத் தீரவில்லை. அந்த நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணித்தால், ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 67 கிலோமீட்டர் கூடுகிறது. செபீட்களையும் வெண்குள்ளன் வெடிப்புகளையும் கொண்டு அளந்தால் சுமார் 73 வருகிறது. பிழை அளவீட்டிலா, கொள்கையிலா என்பது இன்றைய விவாதம். இதைச் சொல்வதால் வாசகர்களுக்கு அறிவியலின் மேல் நம்பிக்கை குறைந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை.

1998-இல் இரண்டு குழுக்கள் தொலைதூர வெண்குள்ளன் வெடிப்புகளை அளந்தபோது, அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக, எனவே இன்னும் தொலைவில் இருந்தன. ஈர்ப்பினால் வேகம் குறைந்துகொண்டே வர வேண்டிய விரிவு, கடந்த பல நூறு கோடி ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே வருகிறது என்பதே அதன் பொருள். 2011-இல் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவர் இதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். காரணத்துக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறோம். வெடித்த குண்டின் சிதறல்கள் பல காலம் கழித்துத் தாமே வேகமெடுப்பதில்லை. கட்டுரையாளரின் உவமை முற்றிலும் கைவிட்டுவிடும் இடம் இதுதான். கப்பலில் ஓர் இளைஞர் போட்ட கணக்கில் தொடங்கிய நூல் வந்து சேரும் இடமும் இதுவே.

கட்டுரையாளர் நல்ல தமிழ் எழுதுகிறார். அவரே தொடர்ந்து எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். எங்கள் ஊருக்கு அருகே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் விட்டமுள்ள வைனு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. அடுத்த கட்டுரைக்கு முன் அவர் ஒரு முறை அங்கே சென்று, விண்மீனின் நிறமாலை எப்படி எடுக்கப்படுகிறது என்று நேரில் பார்த்து வந்தால் வாசகர்களுக்குப் பயன் மிகும்.

திருத்தம் வெளியிடும்போது இன்னொன்றையும் கருத வேண்டுகிறேன். கருப்புப் பின்னணியில் செம்மஞ்சள் தீப்பந்து ஒன்று நாலாபுறமும் சிதறுவதாக அரைப்பக்கப் படம் அச்சாகியிருந்தது. கட்டுரையின் சொற்களைத் திருத்தினாலும் அந்தப் படம் பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிடும். அதற்குப் பதிலாக, பிளாங்க் விண்கலம் எடுத்த நுண்ணலைப் பின்னணியின் நீள்வட்ட வரைபடத்தை அச்சிடலாம். வண்ணத்தில் அச்சிட்டால்தான் அதில் உள்ள வெப்பநிலை வேறுபாடுகள் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
வாணியம்பாடி.